காலிமனை என்று எழுதிய கை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில், சிலுவைப் போர்க்காலத்து ஜெருசலேமில் தேவாலயங்களுக்குக் கிடைத்த நிலங்கள், சலுகைகள் பற்றி ஒரு கட்டுரை வந்தது. நல்ல கட்டுரை. வருஷங்கள் சரியாக இருந்தன, படங்களும் அழகு. ஒரே ஒரு இடத்தில் எனக்குக் கை அரித்தது. ஒரு படத்துக்குக் கீழே, மன்னர்கள் கொடுத்தது தரிசு நிலம் என்று போட்டிருந்தீர்கள். அதைத் திருத்த வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஒரு சொல்லுக்கா இவ்வளவு நீளம் என்று தோன்றும். வேண்டாததை வெட்டிக்கொள்ளுங்கள். கிழவி வருகிற இடத்தை மட்டும் விட்டுவையுங்கள்.

நான் சரித்திரம் படித்தவன் இல்லை. வடசென்னையில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, புங்கமரத்தடியில் மேஜை போட்டு 37 வருஷம் பத்திரம் எழுதினவன். கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை, பரிவர்த்தனை, விடுதலை எல்லாம் எழுதியிருக்கிறேன். எந்தப் பத்திரம் கைக்கு வந்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவேன். முதல் பக்கத்தில் எல்லோரும் நல்லவர்கள். 'அன்பினாலும் பிரியத்தினாலும்' என்றுதான் ஆரம்பிக்கும். எது கைமாறுகிறது, அதன் நாலெல்லை என்ன, அதில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் சொத்து விவரத்தில் கிடக்கும்.

என் மகள் கல்லூரியில் வரலாறு நடத்துகிறாள். போன கோடையில் ஜெருசலேம் ராஜாக்கள் கொடுத்த சாசனங்களைப் பற்றி ஏதோ கட்டுரை தயார் செய்துகொண்டிருந்தாள். கரண்ட் போனால் தண்டையார்பேட்டையில் வீட்டுக்குள் இருக்க முடியாது, மொட்டைமாடிக்குப் போய்விடுவோம். போன் வெளிச்சத்தில் அவள் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்லுவாள். "நைனா, இதைக் கேளு, உன் பத்திரம் மாதிரியே இருக்கு" என்பாள். முதலில் பொழுதுபோக்காகத்தான் கேட்டேன். அப்புறம் நானே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

முதல் கேள்வி, மூலப்பத்திரம் எங்கே?

1099 ஜூலை 15-ம் தேதி ஜெருசலேம் பிடிபட்டது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கோட்ஃபிரே ராஜா பட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இயேசுவின் திருக்கல்லறைக்குக் காவலர் என்ற பேரோடு இருந்துகொண்டார். ஆட்சி என்று பார்த்தால் ஒரு வருஷம்கூட முழுசாக இல்லை. 1100 ஜூலை 18-ல் இறந்துபோனார். அதற்குள் ஊருக்கு வடக்கே 21 கிராமங்களைத் திருக்கல்லறை ஆலயத்துக் குருமார் சபைக்குக் கொடுத்துவிட்டார். அவர் கையால் கொடுத்த பத்திரம் இன்று கிடையாது. அவருக்குப் பின்னால் ராஜாவான தம்பி பால்ட்வின் 1114-ல் செய்துகொடுத்த உறுதிப் பத்திரம்தான் இருக்கிறது. அதில்தான் ஊர்ப்பட்டியல் வருகிறது. வாய்மொழி தானம், 14 வருஷம் கழித்து எழுத்து. எங்கள் மரத்தடிக்கும் இப்படி நிறைய வரும். "எங்க பெரியப்பா கொடுத்துட்டாரு, எழுதித்தான் வைக்கல" என்று.

அடுத்த கேள்வி, கொடுத்தவருக்குச் சொத்து எப்படி வந்தது? நம் பத்திரத்தில் 'பிதுரார்ஜிதமாய்க் கிடைத்து' என்றோ 'எனது சுயார்ஜிதமாய்' என்றோ ஒரு வரி கட்டாயம் இருக்கும். மகள் சிரித்தாள். "வாளால வந்துது நைனா. சுயார்ஜிதம்னு எழுதிக்கோ" என்றாள்.

சரி, ஊர்களின் பேர் என்ன? அல் பிரே, கலந்தியா என்று படித்தாள். கலந்தியா எனக்கே தெரிந்த பேர். பாலஸ்தீனச் செய்தி வரும்போதெல்லாம் டிவியில் காட்டுகிற அந்தச் சோதனைச் சாவடி. அந்த ஊர் 1114-ம் வருஷத்துப் பத்திரத்தில் ஒரு சொத்து. அல் பிரே இப்போது ரமல்லாவை ஒட்டிய நகரம். குருமார் சபை அதற்கு மக்னா மகோமேரியா என்று லத்தீனில் பேர் வைத்து, ஐரோப்பாவிலிருந்து வந்த குடும்பங்களைக் குடியேற்றியது. 1150-களில் அந்தச் சபைக்கு விசுவாசமாக இருப்போம் என்று சத்தியம் செய்த குடியேறிகள் 92 பேரின் பட்டியல் இருக்கிறது. பலர் எந்தச் சீமையிலிருந்து வந்தவர்கள் என்பதும் பேரோடு இருக்கிறது. பிரான்ஸின் பல பகுதிகளிலிருந்தும், இத்தாலியிலிருந்தும், கட்டலோனியாவிலிருந்தும் வந்திருக்கிறார்கள். அந்த நாட்டு அரபிகள் இவர்கள் அத்தனை பேரையும் ஒரே பேரில் பிராங்கிகள் என்றார்கள். அந்தச் சொல்தான் பாரசீகம் வழியாகச் சுற்றிக்கொண்டு நம்மிடம் பறங்கி என்று வந்து சேர்ந்தது. பறங்கிமலைக்குப் போகும்போது இனி எனக்கு அல் பிரே ஞாபகம் வரும்.

இதில் கவனிக்க வேண்டியது, குடியேற வந்தவன் பேரும் ஊரும் பத்திரத்தில் இருக்கிறது. ஏற்கெனவே அங்கே இருந்தவன் பேர் அபூர்வமாகத்தான் வருகிறது. இருந்தவர்கள் முஸ்லிம் குடியானவர்கள், சிரியக் கிறிஸ்தவக் குடியானவர்கள். ஊருக்கு ஒரு ரயீஸ், நம் மணியக்காரர் மாதிரி. அறுவடையில் பங்கு கொடுத்துவிட்டு உழுதுகொண்டிருந்தார்கள். பத்திரத்தில் அவர்கள் வருகிற இடம் எது என்று கேட்டால், சொத்து விவரத்தில் வருகிறார்கள். இன்ன ஊர், அதைச் சேர்ந்த நிலம், மலை, சமவெளி, தண்ணீர், மரம், குடியானவர்கள் என்று ஒரே வரிசையில். நாங்கள் பழைய பத்திரங்களில் 'நிதி நிக்ஷேப ஜல தரு பாஷாண' என்று ஆரம்பித்து எட்டுவித போகங்களையும் சேர்த்துக் கொடுப்போம் இல்லையா, புதையலிலிருந்து கல் வரைக்கும்? அந்த வரிசையில் ஆளையும் சேர்த்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. சில பத்திரங்களில் ஊர்கூட இல்லை. ஒரு குடியானவனையும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளையும் மட்டும் தனியாகத் தேவாலயத்துக்கோ மருத்துவமனைச் சபைக்கோ தானம் செய்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் படக்குறிப்புக்கு வருகிறேன். தரிசு என்பதற்கு அந்தப் பத்திரம் எழுதியவர்களிடம் தனிச்சொல்லே இருந்தது. கஸ்டினா. ஆள் இல்லாமல் போன இடம், உழாமல் கிடக்கும் நிலம் இவற்றைக் கஸ்டினா என்று எழுதுவார்கள். குடி இருக்கும் ஊரைக் கசாலே என்று எழுதுவார்கள். ஒரே பத்திரத்தில் இரண்டும் தனித்தனியாக வரும், இந்தக் கசாலேயோடு அதைச் சேர்ந்த கஸ்டினாக்களும் என்று. எழுதினவனுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. கோட்ஃபிரே கொடுத்த 21 இடமும் ஊர் என்றுதான் இருக்கிறது. 900 வருஷம் கழித்து ஊரைத் தரிசாக்கியது நாம்.

குடியானவன் எப்படி இருந்தான் என்பதற்கு வெளியாள் சாட்சி ஒன்று உண்டு. ஸ்பெயின் நாட்டு முஸ்லிமான இப்னு ஜுபைர் ஹஜ்ஜை முடித்துவிட்டு 1184-ல் திப்னீன் வழியாகப் பாலஸ்தீனக் கடற்கரையில் இருக்கிற ஆக்ரா துறைமுகத்துக்குப் போகிறார். வழியெல்லாம் முஸ்லிம் ஊர்கள், பறங்கி ஆட்சி. விளைச்சலில் பாதி, தலைக்கு ஒரு தீனாரும் ஐந்து கீராத்தும், பழமரங்களுக்குக் கொஞ்சம் வரி. இவ்வளவு கொடுத்துவிட்டால் தொந்தரவு இல்லை, அவர்கள் வசதியாகத்தான் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு அதற்காக வருத்தமும் படுகிறார், பக்கத்து முஸ்லிம் ஜமீன்களைவிட இங்கே நிம்மதி என்று நம் ஆட்கள் மயங்கிவிடுவார்களே என்று. ஆகவே பறங்கிகள் எல்லோரையும் வதைத்துத் தள்ளினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பாதி விளைச்சல் என்பது செங்கல்பட்டுப் பக்கம் என் மாமனார் காலத்திலும் நடந்ததுதான். நான் சொல்வது, ஆள் இருந்தான், கொடுத்தான், கொடுத்தது கணக்கில் ஏறியது என்பதை மட்டும்.

சலுகைகள் பக்கம் உங்கள் கட்டுரை வேகமாகப் போய்விட்டது. அங்கேதான் ரசமே இருக்கிறது. மருத்துவமனைச் சபை என்று ஒன்று, நோயாளி யாத்ரீகர்களைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தது. கோட்ஃபிரே அதற்குக் கொடுத்தது ஒரு கிராமமும் ஜெருசலேமில் இரண்டு ரொட்டி அடுப்பும். அடுப்பு என்றால் சும்மா இல்லை. ஊர் முழுக்க ரொட்டி சுட வருகிறவர்கள் கூலி கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நம் ஊரில் அரவை மிஷின் வைத்திருப்பவன் மாதிரி. 1113 பிப்ரவரி 15-ல் போப் இரண்டாம் பாஸ்கல் அந்தச் சபையைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டு, பத்திலொரு பங்கு கொடுக்க வேண்டியதில்லை, தலைவரை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக்கொடுத்தார். அந்தத் தோல் பத்திரம் இன்றும் மால்டா தேசிய நூலகத்தில் இருக்கிறது.

வரிவிலக்கு வந்தால் அண்ணன் தம்பிக்குள் அடிதடி வரும், இது உலக வழக்கம். பத்திலொரு பங்கு வரவேண்டியது ஜெருசலேம் முதுபெரும் தந்தைக்கு, அதாவது அங்கத்துத் திருச்சபைத் தலைவருக்கு. 1120 ஜனவரியில் நாப்லூஸில் கூடிய சபையில்தான் ராஜா இரண்டாம் பால்ட்வின், இதுவரை தான் பிடித்துவைத்திருந்த அந்தப் பங்கைத் திருச்சபைக்கு விட்டுக்கொடுத்தார். ராஜாவே விட்டுக்கொடுத்ததை மருத்துவமனைச் சபை தரமாட்டேன் என்றால்? 1150-களில் புல்கர் என்ற முதுபெரும் தந்தை சண்டைக்கு நின்றார். திருக்கல்லறை ஆலயத்து வாசலுக்கு எதிரே மருத்துவமனைச் சபையார் ஆலயத்தைவிட உயரமாகக் கட்டடம் எழுப்பினார்கள். தந்தை பிரசங்கம் செய்ய ஏறினால் போதும், எதிரே எல்லா மணியையும் ஒரே நேரத்தில் அடிப்பார்கள், குரல் கேட்காது. ஒருநாள் ஆயுதத்தோடு ஆலயத்துக்குள்ளேயே புகுந்து அம்பு விட்டிருக்கிறார்கள். விழுந்த அம்புகளைப் பொறுக்கிக் கட்டாகக் கட்டி, கல்வாரி இடத்துக்கு முன்னால் கயிற்றில் தொங்கவிட்டார்கள். தீர் நகரத்துப் பேராயர் வில்லியம் அதை நானே கண்ணால் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறார். கிட்டத்தட்ட நூறு வயதில் புல்கர் கப்பலேறிப் போப்பிடம் நியாயம் கேட்கப் போனார். அப்போது போப் நாலாம் ஏட்ரியன். வெறுங்கையோடு திரும்பினார். எதிர்த்தரப்பு பணத்தைக் கொட்டிவிட்டது என்கிறார் வில்லியம்.

நானும் கோயிலுக்குப் போகிறவன்தான். ராயபுரத்தில் படகுக்காரர்கள் கூடிக் கட்டிய பேதுரு கோயிலில்தான் எனக்குக் கல்யாணம். இதை எழுதப்போகிறேன் என்றதும் கூட்டாளி ஒருவன், "நம்ம வீட்டுச் சண்டையை நீயே பேப்பர்ல போடுவியா?" என்றான். 1155-ல் நடந்ததற்கு தண்டையார்பேட்டைக்காரன் ஏன் கூச்சப்பட வேண்டும் என்று கேட்டேன்.

எரிக்கோ கதையையும் சொல்லியாக வேண்டும். எரிக்கோ ஊர் திருச்சபைச் சொத்தாக இருந்தது. ஆர்னுல்ப் என்ற பெரிய குரு தன் வீட்டுப் பெண் எம்மாவை யூஸ்டாஸ் கார்னியே என்ற பிரபுவுக்குக் கட்டிக்கொடுக்கும்போது அந்த ஊரைச் சேர்த்து அனுப்பிவிட்டார். என் காலத்தில் வருஷத்துக்கு 5,000 பொன் வருகிற ஊர் என்று வயிறு எரிகிறார் வில்லியம். அதே எரிக்கோ கொஞ்ச காலத்தில் ராணி மெலிசெந்தா கைக்கு வந்து, அவர் தங்கை இவெத்தாவுக்காகப் பெத்தானியாவில் கட்டிய கன்னியர் மடத்துக்குப் போனது. திருச்சபையிலிருந்து சீதனம், சீதனத்திலிருந்து மறுபடி மடம். வில்லங்கச் சான்று போட்டால் இரண்டு பக்கம் வரும். நடுவில் எரிக்கோவில் பேரீச்சை பறித்தவனுக்கு முதலாளி மாறியது தெரிந்திருக்கும், பங்கு வாங்க வந்தவன் முகம் புதுசாக இருந்திருக்கும்.

நம் பக்கமும் இதே வருஷங்களில் கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். கோட்ஃபிரே ஜெருசலேமுக்குள் நுழைவதற்குச் சுமார் ஒன்பது வருஷம் முந்திதான் முதல் குலோத்துங்கன் நாகப்பட்டினம் புத்த விகாரத்துக்குச் சொந்தமான ஊர்களுக்கு வரி நீக்கிச் செப்பேடு கொடுத்தான். அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை முதலில் கொடுத்தது ராஜராஜன். பிடி சூழ்ந்து, அதாவது பெண்யானையை நடக்கவிட்டு, அது சுற்றி வந்த வழியை எல்லையாக எழுதியிருக்கிறார்கள். இந்தக் காலத்து சர்வேயர் வர மூன்று மாசம் ஆகிறது, யானை மறுநாளே வந்திருக்கும். குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பேர். அவன் கடைசிக் காலத்தில், 1120-ல், அங்கே ஜெருசலேமில் இரண்டாம் பால்ட்வின் கோட்டை வாசலில் கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் பருப்புக்கும் சுங்கத்தை எடுத்துவிட்டான், கொண்டுவருகிறவன் கிறிஸ்தவனானாலும் முஸ்லிமானாலும். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது.

இதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது இரண்டு சொற்கள். கோயிலுக்கு ஊர் கொடுத்தால் தேவதானம், இது எல்லோருக்கும் தெரியும். அதில் 'குடிநீக்கிய தேவதானம்' என்றும் 'குடிநீங்காத் தேவதானம்' என்றும் நம் கல்வெட்டுகளில் பிரித்தே எழுதியிருக்கிறார்கள். முன்பு இருந்த குடியை விலக்கிவிட்டுக் கொடுத்ததா, குடியின் உரிமையைத் தொடாமல் கொடுத்ததா? நல்லதோ கெட்டதோ, செய்ததைச் செய்தபடி சொல்ல ஒரு சொல் வைத்திருந்தார்கள். மகள் அதைச் சொன்ன அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1994-ம் வருஷம், ஆடி மாசம். கொருக்குப்பேட்டைப் பக்கம் தண்டவாளத்தை ஒட்டி ஒரு கிரவுண்டு சொச்சம் இடம். சொந்தக்காரர் வயசானவர், பிள்ளை இல்லை. ஒரு தர்ம ஸ்தாபனத்துக்குத் தானமாக எழுதிவைக்க வந்தார். கூட ஸ்தாபனத்து ஆள் ஒருவர், தோல்பை வைத்துக்கொண்டு. மூலப்பத்திரம் சுத்தம். வில்லங்கம் பதின்மூன்று வருஷத்துக்கு நில். எல்லாம் சரியாக இருந்தது. சொத்து விவரம் எழுதும்போது, "இடத்துல ஏதாச்சும் கட்டடம் இருக்கா?" என்று கேட்டேன். கேட்க வேண்டியது என் வழக்கம். பெரியவர் வாயைத் திறந்தார். அதற்குள் தோல்பைக்காரர், "காலிமனைன்னு போடுங்க ரைட்டரே, குடிசைங்கதான், அதெல்லாம் கட்டடத்துல வராது" என்றார். முத்திரைத்தாள் கணக்கும் அதில் குறையும். பெரியவர் வாயை மூடிக்கொண்டார். நான் 'காலிமனை' என்று எழுதினேன். வடக்கே இன்னாருடைய மனை, தெற்கே சந்து, கிழக்கே ரயில்வே இடம், மேற்கே தெரு, இதற்குள்பட்ட காலிமனை. நல்ல கையெழுத்தில் எழுதினேன். அன்றைக்குக் கூலி எழுபது ரூபாய்.

தை மாசம் ஒரு கிழவி வந்தது. தலையில் மீன்கூடைச் சும்மாடு அப்படியே இருந்தது, காசிமேட்டிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். கையில் மஞ்சள் பையில் ரேஷன் கார்டு, 1971-ம் வருஷத்து ஓட்டர் சீட்டு ஒன்று, தண்ணீர் பட்டு மங்கிப்போனது, அப்புறம் கோர்ட்டிலிருந்து வந்த காகிதம். யாரோ பத்திரத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். கடைசியில் எழுதியவர் பேரும் லைசென்ஸ் நம்பரும் இருக்குமே.

"இன்னா ரைட்டரே, நீதான் எய்துனியா?"

ஆமாம் என்றேன்.

"பதினாறு வூடு கீது. என் புள்ள பொறந்ததே அங்கதான். நீ வந்து பாத்தியா?"

பார்க்கவில்லை என்றேன். பார்ப்பது என் வேலை இல்லை, சொல்வதை எழுதுவதுதான் வேலை என்றும் சொன்னேன். சட்டப்படி அது சரி.

கிழவி கோபப்படவில்லை. ரேஷன் கார்டை என் மேஜையில் விரித்து வைத்து, அதில் இருந்த பேர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டது. படிக்கத் தெரியாது, ஆனால் எந்த வரியில் எந்தப் பேர் என்று தெரியும். "இது நானு. இது மவன். இது மருமவ. இது செத்துப்போச்சு" என்றது. அப்புறம், "இதுக்கு நடுவுல காலின்னு எங்க கீது, காட்டு" என்றது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்காமல் போய்விட்டது. வழக்கு எட்டு வருஷம் நடந்தது. கடைசியில் ஆளுக்குக் கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு எழுந்து போனார்கள் என்று கேள்விப்பட்டேன். கிழவி அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. ஸ்தாபனம் அந்த இடத்தில் நல்ல காரியம்தான் செய்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை நேரில் போய்ப் பார்க்காமல் காலிமனை என்று எழுதியதில்லை. பார்ட்டிகள் என்னைக் கிறுக்கன் என்று சொல்லி இரண்டு மேஜை தள்ளிப் போனார்கள். போகட்டும்.

எங்கள் தண்டையார்பேட்டையே ஒரு காலத்தில் இன்னொருவர் பத்திரத்தில் ஒரு வரிதான். 1693-ல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை மூன்றும் கும்பினிக்குப் போயின. 1708-ல் திருவொற்றியூர், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு, நுங்கம்பாக்கம் என்று இன்னும் ஐந்து. திருவொற்றியூரில் அப்போதே பல நூறு வருஷத்துக் கோயிலும், சுவர் முழுக்கக் கல்வெட்டும், மடமும், வீதியும், குடியும் இருந்தன. அந்த ஐந்து ஊரில் ஒன்றைத் தரிசு என்று எவராவது எழுதினால் அடுத்த வாரம் உங்கள் அலுவலகத்துக்கு எத்தனை கடிதம் வரும் என்று உங்களுக்கே தெரியும். கலந்தியாவிலிருந்து உங்களுக்குக் கடிதம் வராது, அதனால் நான் எழுதுகிறேன்.

ஜெருசலேம் பத்திரங்களில் ஊர்க்காரனுக்கு ஒன்றுமே இல்லையா என்று மகளிடம் கேட்டேன். தேடிப்பார்த்து ஒன்று சொன்னாள். 1138 பிப்ரவரியில் ராஜா புல்க்கும் ராணி மெலிசெந்தாவும் பெத்தானியாவை மடம் கட்டுவதற்காகத் திருக்கல்லறைச் சபையிடமிருந்து வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் தெக்கோவா ஊரைக் கொடுத்தார்கள். சுத்தமான பரிவர்த்தனைப் பத்திரம். அதில் ஒரு வரி: தெக்கோவா ஊரார் சாக்கடலில் உப்பும் கீலும் எடுத்துக்கொள்ளலாம். கீல் என்றால் தார். சாக்கடலில் கட்டிகட்டியாக மிதந்து கரை ஒதுங்கும். யாரோ ஊர் ஆள் ராணி வரைக்கும் போய், "எங்களை யாருக்கு வேணும்னாலும் கொடுங்க, ஆனா உப்பு எடுக்கப் போறதைத் தடுக்கக் கூடாதுன்னு எழுதுங்க" என்று கேட்டிருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம், மகள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பத்திரத்தில் இந்த மாதிரி வரிகள் தானாக வராது. மேஜைக்கு முன்னால் ஒருவன் நின்று கேட்டால்தான் வரும். நான் 37 வருஷம் பார்த்திருக்கிறேன்.

1187 அக்டோபர் 2-ம் தேதி ஜெருசலேமை சலாதீன் பிடித்தார், 21 ஊரும் கைவிட்டுப் போயின. சபையார் ஆக்ராவுக்குப் போனார்கள், 1291-ல் ஆக்ராவும் விழுந்ததும் இத்தாலிக்கு. நகலேடுகள் மட்டும் கூடவே போய், இப்போது வத்திக்கான் நூலகத்தில் இருக்கின்றன. சொத்து போய் 800 வருஷத்துக்கு மேலாகியும் பத்திரம் பத்திரமாக இருப்பதை என் தொழில்காரர்கள் ரசிப்பார்கள்.

வேண்டுகோள் ஒன்றுதான். திருத்தம் பகுதியில், அந்தப் படக்குறிப்பில் 'தரிசு நிலம்' என்பதை எடுத்துவிட்டு 'குடிகளோடு கூடிய 21 ஊர்கள்' என்று போடுங்கள். இடம் போதாவிட்டால் 'குடியுள்ள ஊர்கள்' என்றாலும் போதும், இரண்டே சொல்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81.